பட்டம் வென்ற பூனையும் திண்ணைப் பூனையும்



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளி விறாந்தையில் அமர்ந்திருந்தேன். மன்னார் வெயில் அந்த நேரத்திலும் தணிந்தபாடில்லை. என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் கையில் ஒரு கூடையுடன் வந்து ஸலாம் சொன்னார். கூடைக்குள் ஒரு பூனை. கழுத்தைச் சுற்றிச் சிங்கத்தின் பிடரி போல் அடர்ந்த உரோமம். விசிறி போல் விரிந்த வால். பார்க்க அழகுதான். ஆனால் அது வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, நாயைப் போல மூச்சு வாங்கிக் கொண்டிருந்தது.

"ஹஸ்ரத், இது சைபீரியப் பூனை. கொழும்பில் ஒருவரிடம் வாங்கினேன். தாயும் தகப்பனும் வெளிநாட்டுக் கண்காட்சியில் பட்டம் வென்றவையாம். என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்துவிட்டேன். குட்டி போட வைத்து விற்றால் வீட்டுச் செலவுக்கு உதவும் என்று நினைக்கிறேன். பூனை விற்ற காசு ஹலாலா?" என்று கேட்டார்.

"தம்பி, அதற்குப் பதில் பிறகு சொல்கிறேன். முதலில் கூடையை நிழலில் வைத்துத் தண்ணீர் கொடுங்கள். நாய் வாயால் மூச்சு வாங்குவது வழமை. பூனை அப்படிச் செய்தால் அது ஆபத்தின் அடையாளம்" என்றேன். வம்சச் சான்றிதழ் உண்டா என்று கேட்டேன், இல்லை. தடுப்பூசி அட்டை? அதுவும் இல்லை. மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு ஒரு கிழமை கழித்து வரும்படி சொல்லி அனுப்பினேன்.

அந்த ஒரு கிழமையில் நான் கிதாபுகளையும் புரட்டினேன். பூனை வளர்ப்பு பற்றிய நூல்களையும் படித்தேன். நான் அறிந்துகொண்டவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில் இன்று வெளிநாட்டுப் பூனை வளர்க்கும் ஆசை நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அறிய வேண்டியதை யார் சொல்லிக் கொடுப்பது?

பனி நாட்டுப் படைப்பு

சைபீரியப் பூனையை யாரும் கூட்டில் வைத்துக் கலந்து உருவாக்கவில்லை. ரஷ்யாவின் கிராமங்களிலும் களஞ்சியங்களிலும் எலி பிடித்து வாழ்ந்த சாதாரணப் பூனையே அது. ஆறு மாதம் பனி உறையும் நாட்டுக்கு ஏற்ப அல்லாஹ் அதற்கு மூன்று அடுக்கு உரோமத்தைக் கொடுத்திருக்கின்றான். உள்ளே பஞ்சு போன்ற அடுக்கு, நடுவே ஓர் அடுக்கு, வெளியே ஈரம் எளிதில் ஒட்டாத நீண்ட மயிர். கால் விரல்களுக்கு இடையிலும் மயிர்க் கற்றைகள் உண்டு. கடுவன் பூனை ஏறத்தாழ 6 முதல் 9 கிலோ வரை எடை இருக்கும். பெட்டை சற்றுச் சிறியது. முழு வளர்ச்சி அடைய ஐந்து ஆண்டுகள் வரை எடுக்கும்.

சோவியத் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1980களின் பிற்பகுதியில்தான், லெனின்கிராட் நகரத்துப் பூனை வளர்ப்போர் இதன் வம்சாவழியை எழுதிப் பேணத் தொடங்கினார்கள். அந்நகரம் இன்று சென் பீட்டர்ஸ்பேர்க் எனப்படுகிறது. 1990 ஜூன் மாதத்தில் மூன்று சைபீரியப் பூனைகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. எலிசபெத் டெரல் என்ற பெண்மணி தம்முடைய இமாலயன் இனப் பூனைகளை ரஷ்யாவுக்கு அனுப்பி, அவற்றுக்குப் பதிலாக இவற்றைப் பெற்றார். காலியோஸ்ட்ரோ, ஒபீலியா, நைனா என்பன அவற்றின் பெயர்கள். ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் பெயரும் வம்சமும் எழுதிய பத்திரங்களோடு மூன்று பூனைகள் பயணம் செய்தன. 1990 என்ற இந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவேன்.

பட்டம் எப்படிக் கிடைக்கிறது?

பூனைக்கு ஒரு கண்காட்சியா என்று நீங்கள் வியக்கலாம். 1871 ஜூலை 13ஆம் தேதி லண்டன் கிறிஸ்டல் மாளிகையில் ஹரிசன் வீயர் என்ற ஓவியர் பெரிய அளவில் ஒரு பூனைக் கண்காட்சியை நடத்தினார். வீதியில் விரட்டப்படும் பிராணியை மக்கள் மதிக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல சம்மேளனங்கள் இத்தகைய கண்காட்சிகளை நடத்துகின்றன.

இது ஓட்டப் பந்தயம் அல்ல. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதப்பட்ட இலக்கணம் ஒன்று உண்டு. தலையின் வடிவம், காது, கண், உடற்கட்டு, வால், உரோமம், பொதுவான ஆரோக்கியம் ஆகிய ஒவ்வொன்றையும் நடுவர் அந்த இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஐரோப்பாவின் பெரிய சம்மேளனமான ஃபீஃபேயின் விதிப்படி, ஒரு பூனை சம்பியன் ஆவதற்கு மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று சான்றுகள் பெற வேண்டும். சர்வதேசச் சம்பியன் ஆக வேண்டுமானால் வேறு நாட்டுக்கும் போய்ச் சான்று பெற வேண்டும். ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் கிடைப்பதல்ல இந்தப் பட்டம்.

இதில் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு விதி. எவ்வளவு அழகான பூனையாக இருந்தாலும், நடுவரைக் கடித்தால் அது போட்டியிலிருந்து விலக்கப்படும். நகத்தைப் பிடுங்கிய பூனையையும் ஃபீஃபே கண்காட்சிக்குள் சேர்ப்பதில்லை. கண்ணைக் கூசும் விளக்குகள், நூற்றுக்கணக்கான மனிதர்கள், பக்கத்துக் கூடுகளில் அறிமுகமில்லாத பூனைகள். இவற்றுக்கு நடுவே முன்பின் தெரியாத ஒருவர் தூக்கிப் பிடிக்கும்போது அது அமைதியாக இருக்க வேண்டும்.

இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது? ஓரளவு பெற்றோரிடமிருந்து வருகிறது. பெருமளவு, அது பிறந்த வீட்டிலிருந்து வருகிறது. பிறந்து இரண்டாம் கிழமை முதல் ஏழாம் கிழமை வரையுள்ள காலத்தில் மனிதர்கள் குட்டியை அன்பாகத் தூக்கி, தடவி, பேசிப் பழக்கினால் அது ஆயுள் முழுவதும் மனிதரை அஞ்சாது. அந்த நாட்களில் இருட்டு அறையில் அடைத்துக் கிடந்த குட்டி, எந்தச் சம்பியனின் பிள்ளையாக இருந்தாலும், மனிதக் கையைக் கண்டால் சீறும். பிள்ளை வளர்ப்புக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது அல்லவா?

தாய்ப்பூனையின் உரிமை

பட்டம் வென்ற பூனையிடமிருந்து குட்டி எடுப்பதற்கு முன் பொறுப்புள்ள வளர்ப்பாளர் செய்யும் சோதனைகளைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

முதலாவது, இதயம். சைபீரியப் பூனைகளில் இதயத்தின் தசைச்சுவர் தடித்துப் போகும் நோய் காணப்படுகிறது. வெளியில் ஒன்றும் தெரியாது; துள்ளி விளையாடிய பூனை ஒரு நாள் சுருண்டு விழும். ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடித்தே இதை அறிய முடியும். இரண்டு வயதில் நன்றாக இருந்த இதயம் ஐந்து வயதில் கெட்டுப் போகலாம் என்பதால் ஒரு சோதனையோடு விட்டுவிட முடியாது. குட்டி எடுக்கும் காலமெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நோய் கண்டால், பட்டத்தைப் பாராமல் அந்தப் பூனையிடம் குட்டி எடுப்பதை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, இரத்த வகை. பூனைகளுக்கும் ஏ, பீ என இரத்த வகைகள் உண்டு. தாய் பீ வகையாகவும் குட்டி ஏ வகையாகவும் அமைந்தால், தாயின் முதற்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள் குட்டியின் இரத்த அணுக்களை அழித்துவிடும். நலமாகப் பிறந்த குட்டி பால் குடித்த சில நாட்களில் இறந்து போகும். உயிர் கொடுக்க வேண்டிய பாலே உயிரை எடுக்கும் இந்த நிலையை, இணை சேர்ப்பதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனையால் தவிர்க்கலாம்.

மூன்றாவது, ஓய்வு. பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ ஒன்பது கிழமைகள். விட்டால் ஆண்டில் பலமுறை ஈனும். ஆகவேதான் ஒரு பெட்டைப் பூனை 24 மாதங்களில் மூன்று ஈற்றுக்கு மேல் ஈனக் கூடாது என்று ஃபீஃபே விதி வகுத்தது. குட்டிகளும் குறைந்தது 12 கிழமைகளாவது தாயோடு இருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. சைபீரியப் பூனை ஒவ்வாமை தராது என்று விற்பவர்கள் சொல்வார்கள். பூனை ஒவ்வாமைக்கு முக்கிய காரணம் மயிர் அல்ல. அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். சில சைபீரியப் பூனைகளில் அது குறைவாக இருக்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் அப்படி என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், வியாபாரியின் வார்த்தையை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம் படித்த பின் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பட்டம் என்பது பூனையின் கழுத்தில் கட்டும் நாடா அல்ல. பல தலைமுறைப் பூனைகளுக்கு மனிதர்கள் செலவிட்ட கவனத்தின் கணக்கு அது. அந்தக் கவனத்தை விட்டுவிட்டு இரத்தத்தை மட்டும் விலைக்கு வாங்குபவர் ஏமாறுகிறார். அவரை விடவும் அந்தப் பிராணி ஏமாற்றப்படுகிறது.

இத்தாலிக்குப் போன நம் பூனை

வாசகர்களே, வெளிநாட்டுப் பூனையைத் தேடி நாம் பணம் செலவழிக்கிறோம். நம் நாட்டுப் பூனையைத் தேடி வெளிநாட்டவர் வந்த கதை உங்களுக்குத் தெரியுமா?

1984ஆம் ஆண்டு பாவ்லோ பெலகாட்டா என்ற இத்தாலிய மிருக வைத்தியர் இலங்கைக்கு வந்தார். இங்கே வீதியிலும் வளவிலும் திரிந்த பூனைகளில் ஒரு வகை அவர் கண்ணைக் கவர்ந்தது. மெல்லிய உடல், குட்டையான மயிர், பெரிய காதுகள். ஒவ்வொரு மயிரிலும் இளநிறமும் கருநிறமும் மாறி மாறி வந்து, முயலின் நிறம் போல் தோன்றும் உடம்பு. காலிலும் வாலிலும் நெற்றியிலும் மட்டும் கோடுகள். அவர் சில பூனைகளை இத்தாலிக்கு எடுத்துச் சென்று, வம்சம் எழுதி வளர்த்தார். இன்று 'சிலோன் பூனை' என்ற பெயரில் அது கண்காட்சி மேடையில் ஓர் இனமாக நிற்கிறது. உலகப் பூனைச் சம்மேளனம் அதை ஏற்றுக்கொண்டுள்ளது.

அந்தப் பூனையின் படத்தைப் பார்த்தபோது என் கை அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அது எங்கள் வீட்டுப் பூனை.

எருக்கலம்பிட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்படி ஒன்று இருந்தது. உம்மா சூடை மீன் கழுவ உட்கார்ந்தால் அது முன்னங்கால்களை ஒட்டி வைத்து மரியாதையாகக் காத்திருக்கும். ராத்தா குர்ஆன் ஓதும்போது ரெஹால் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அதற்கு வம்சப் பத்திரம் இல்லை, பெயர்கூட இல்லை. "பூனை" என்றால் அதுதான்.

1990 ஒக்டோபர் மாதக் கடைசியில், விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். அப்போது எனக்குப் பத்து வயது. சில பைகளும் சிறு தொகையும் மட்டுமே கையில். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனோம். பூனையை ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவரலாம் என்று நான் அழுதேன். "மகன், மனிசருக்கே வள்ளத்தில் இடமில்லை" என்றார் வாப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. கிணற்றடியில் ஒரு சட்டி நிறையத் தண்ணீரும், இருந்த கருவாடு முழுவதையும் வைத்துவிட்டு உம்மா படலையைச் சாத்தினார். பின்பு திரும்பிப் போய்ப் படலையைத் திறந்து விட்டு வந்தார். அடைபட்டுவிடக் கூடாது என்று.

பெயர் எழுதிய பத்திரங்களோடு மூன்று பூனைகள் அமெரிக்கா போன அதே ஆண்டு அது. நாங்களோ எங்கள் பத்திரங்களையே விட்டுவிட்டுப் போனோம். யுத்தம் 2009இல் முடிந்து, பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியபோது திண்ணையும் இல்லை, கூரையும் இல்லை. கிணறு மட்டும் இருந்தது. எங்கள் பூனை என்னவாயிற்று என்பதை அல்லாஹ்வே அறிவான்.

உம்மா ஏன் படலையைத் திறந்துவிட்டார் என்பது ஹதீஸ் ஓதத் தொடங்கிய பின்புதான் எனக்கு விளங்கியது. ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்தாள். தானும் உணவளிக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. அதனால் அவள் நரகம் புகுந்தாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. உம்மா கிதாப் ஓதியவர் அல்லர். ஆனால் அந்த ஹதீஸ் அவரது கையில் இருந்தது.

விற்பனை பற்றி மார்க்கம்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். பூனையின் விலையை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. இதன் வெளிப்பொருளைக் கொண்டு பூனை விற்பனையே கூடாது என்று சொன்ன அறிஞர்கள் இருக்கிறார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும் பெரும்பான்மை அறிஞர்களும் பயனுள்ள வீட்டுப் பூனையின் விற்பனை செல்லும் என்கின்றனர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அந்த ஹதீஸுக்கு விளக்கம் தரும்போது, அது பயனற்ற பூனையைக் குறிக்கலாம். அல்லது பூனையை மக்கள் ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்துப் பழக வேண்டும் என்பதற்கான வெறுப்பாக இருக்கலாம் என்ற கருத்தைத் தருகிறார்.

விற்பனை செல்லும் என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இதயம் சோதிக்காத பூனையின் குட்டியைச் "சம்பியன் வம்சம்" என்று விற்றால் அது என்ன வியாபாரம்? பூனை நம்மைச் சுற்றி வரும் வீட்டுப் பிராணி, அசுத்தமல்ல என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அறிந்த அபூகதாதா (ரலி) அவர்கள், தாம் வுழூச் செய்யும் பாத்திரத்தையே பூனை குடிப்பதற்காகச் சாய்த்துப் பிடித்தார்கள். இதுவே நம் முன்னோரின் வழி.

மன்னார் வீதி சொல்லும் பாடம்

மன்னார் பட்டினத்துக்கு வருபவர்கள் முதலில் காண்பது வீதியில் திரியும் கழுதைகளை. ஒரு காலத்தில் பொதி சுமந்த அவற்றுக்கு வீட்டில் மதிப்பிருந்தது. லொறியும் உழவு இயந்திரமும் வந்தபின் பலவற்றை வீதியில் விட்டுவிட்டார்கள். இன்று அவை குப்பைமேட்டில் பொலித்தீன் தின்கின்றன, வாகனத்தில் அடிபடுகின்றன. பயன் முடிந்ததும் கைவிடும் பழக்கம் பூனை விஷயத்திலும் வந்துவிடக் கூடாது. குட்டி போட்டு ஓய்ந்த பூனைக்கும் ஆயுள் முடியும்வரை சோறு, நிழல், வைத்தியம் கொடுக்க முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திண்ணைப் பூனையோ வெளிநாட்டுப் பூனையோ, வீட்டில் வளர்ப்பவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

பூனைக்கும் விசர்நோய் வரும். மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, வைத்தியர் சொல்லும் காலத்தில் மீண்டும் போடுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. ஒரு வில்லையே அதைக் கொல்லப் போதும். இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

கர்ப்பிணிப் பெண்கள் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம். அதில் சிசுவைப் பாதிக்கும் கிருமி இருக்கக்கூடும். வேறொருவர் நாள்தோறும் அகற்றட்டும்.

நீள் உரோமப் பூனையை மன்னார் வெயிலில் வளர்ப்பவர்கள் காற்றோட்டமான நிழலும் எந்நேரமும் குளிர்ந்த நீரும் கொடுங்கள். சீப்பால் அடிக்கடி வாரிவிடுங்கள். பகலில் தகரக் கூரையின் கீழ் அடைக்காதீர்கள்.

ஒரு கிழமை கழித்து மாணவர் வந்தார். கையில் கூடை இல்லை. வைத்தியர் பரிசோதித்தபோது பூனையின் இதயத்தில் வேண்டாத ஓசை கேட்டதாம். ஒலி அலைப் படம் எடுக்க வேண்டும், குட்டி எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"கொடுத்த காசு போய்விட்டது ஹஸ்ரத்" என்றார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "வாங்கின ஆளிடமே திருப்பிக் கொடுத்தால் அவர் வேறொருவருக்கு விற்றுவிடுவார். அதனால் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மகள் வடக்குப் பக்க அறையை அதற்கு ஒதுக்கிவிட்டாள். இப்போது வாயால் மூச்சு வாங்குவதில்லை."

அவர் கேட்ட கேள்விக்கு நான் தயார் செய்து வைத்திருந்த பதில் தேவைப்படவில்லை. அவருக்காக துஆச் செய்தேன். உங்களிடம் நான் கேட்பதும் ஒன்றுதான். இன்று இரவு உங்கள் வீட்டு வாசலில் ஒரு பூனை வந்து நிற்கும். அது எந்த வம்சம் என்று பார்க்காதீர்கள். மீன் தலையோடு ஒரு சட்டித் தண்ணீரும் வையுங்கள்.